கோவளத்துக் கிணறு: 1752ஆம் ஆண்டின் ஒரு காவல் நிகழ்வு

கடல் கடந்து வந்த படைகளின் வரலாற்றைப் பெரும் போர்களின் வரிசையாக எழுதுவது வழக்கமாகிவிட்டது; ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்து இறங்கிய ஐரோப்பியப் படைவீரன் ஒருவன் தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தது போரில் அன்று, காவலில்தான். கோட்டை வாயிலிலும், அலங்கம் எனப்படும் மதிலின் மேல்தளத்திலும், வெடிமருந்துக் கிடங்கின் முன்னும், முற்றுகைக் காலத்தில் பகைவரின் சுவருக்கும் தன் பாளையத்துக்கும் இடைப்பட்ட வெட்டவெளியிலும் துப்பாக்கியோடு நிற்பதே அவனது அன்றாடமாக இருந்தது. இந்தப் பணியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் 'பாரா' என்ற சொல் இந்துஸ்தானியின் 'பஹ்ரா'விலிருந்து வந்தது. இன்றும் காவல் நிலையங்களில் 'பாரா காவலர்', 'பாராவில் நிற்பது' என்ற வழக்குகளில் அச்சொல் உயிரோடு இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரும், ஆலம்பரையிலும் கோவளத்திலும் பிரெஞ்சுக்காரரும், சென்னையில் ஆங்கிலேயரும் இதே பாராவில்தான் தங்கள் இரவுகளைக் கழித்தனர்.

பாராவில் நிற்பவனுக்கு வரும் ஆபத்து, அணிவகுத்துப் போரிடுபவனுக்கு வரும் ஆபத்தைப் போன்றதன்று. ஐரோப்பியப் படைகளின் பொதுவழக்கப்படி இரண்டு மணி நேரம், அதாவது மாற்றாள் வந்து பொறுப்பேற்கும்வரை, அவன் நின்ற இடத்தைவிட்டுப் பெயரக் கூடாது. தாக்குதல் எப்போது, எத்திசையிலிருந்து வரும் என்பதைத் தீர்மானிப்பவன் பகைவனே ஆதலால், காவலன் அதற்குக் காத்திருக்க மட்டுமே முடியும். அன்றைய துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல்லின் பொறி விழுவதற்கென்று ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் இட்ட பற்றுமருந்து கடற்காற்றின் ஈரத்தில் நமுத்துப்போனால் விசையை இழுத்தும் குண்டு கிளம்பாது. நமுத்த மருந்தோடு, மொழி தெரியாத ஊரில், இருட்டில் தனியே நின்றவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. விதிவிலக்காக, 1752ஆம் ஆண்டில் கோவளத்துக் கோட்டையின் முன் நின்ற ஒரு காவலனைப் பற்றி ஒற்றை வரி எஞ்சியிருக்கிறது. அந்த வரியையும், பிற்காலத்தார் அதை எவ்வாறு மாற்றி எழுதினர் என்பதையும் ஆராய்வதே இப்பகுதியின் நோக்கம்.

கோவளம் என்ற சொல்லுக்குக் கடலுக்குள் நீண்டு செல்லும் நிலமுனை என்பது பொருள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டுக் கழியைக் கடந்ததும் வரும் இவ்வூர், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கரையோரம் கப்பல் நங்கூரமிட ஏற்ற இடம் இருந்ததால் ஐரோப்பிய வணிகர் இதன்மீது கண் வைத்தனர். இன்றைய பெல்ஜியத்தின் கடற்கரை நகரமான ஆஸ்டெண்டைத் தளமாகக் கொண்டு, புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722இல் உரிமைப் பட்டயம் வழங்கிய ஆஸ்டெண்டுக் கம்பெனி, கோவளத்தில் ஒரு வணிகக் குடியிருப்பை வைத்திருந்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடுத்த நெருக்கடியால் அக்கம்பெனி 1727இல் முடக்கப்பட்டு 1731இல் ஒழிக்கப்பட்டபின், ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் அதன் இடிபாடுகளுக்கு அருகில் ஒரு கோட்டையைக் கட்டி, அதற்குச் 'சாதத் பந்தர்' என்று பெயரிட்டார். 'பந்தர்' என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்.

கோட்டையைச் சுற்றி அகழி கிடையாது. ஆனால் வலிமையான மதிலும், அதன் இடையிடையே கொத்தளங்கள் எனப்படும் வட்டக் கோபுரங்களும், அவற்றின் மேல் முப்பது பீரங்கிகளும் இருந்தன. இத்தகைய கோட்டையை வெளியிலிருந்து பிடிப்பது கடினமாக இருக்கும் என்று கருதியே பிரெஞ்சுக்காரர் 1750இல் அதனை உள்ளிருந்து பிடித்தனர். பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கரைக்கு அருகே நங்கூரமிட்டு, ஆபத்தில் இருப்பதாக அடையாளம் காட்டியது. மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் கண்டிருப்பதாகவும், நோயாளிகளைச் சில நாட்கள் கரையில் தங்கவிட்டால் போதும் என்றும் கப்பலில் இருந்தவர்கள் வேண்டினர். கோட்டைத் தலைவர் இணங்கி, ஏறத்தாழ முப்பது பேரை உள்ளே அனுமதித்தார். நடக்க மாட்டாதவர்போல் வந்த அவர்கள் உடைக்குள் ஆயுதங்களை மறைத்து வைத்திருந்தனர். அன்றிரவே எழுந்து நவாபின் காவலரை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றினர்.

இந்தத் தந்திரம் பலித்ததற்குக் காரணம் காவலரின் அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. புதிய காய்கனிகள் இல்லாத நீண்ட கடற்பயணத்தில், இன்று வைட்டமின் சி என்று அழைக்கப்படும் சத்துக் குறைந்து, ஈறு வீங்கி, பழைய புண்கள் மறுபடியும் திறந்து மாலுமிகள் சாவது அக்காலத்தில் அன்றாட நிகழ்ச்சி. ஐரோப்பாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் கப்பல் ஆறு மாதமோ அதற்கு மேலோ கடலில் கிடக்கும். எலுமிச்சையும் ஆரஞ்சும் இந்நோயைத் தணிப்பதை ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பற்படை மருத்துவர் 1747இல் சோதித்தறிந்திருந்தாலும், அவரது நூல் 1753இல்தான் வெளிவந்தது. ஆகவே 1750இல் சோழமண்டலக் கரைக்கு வந்த எந்தக் கப்பலிலும் ஸ்கர்வி நோயாளிகள் இருப்பர் என்று நம்புவதே அனுபவமுள்ள காவலனின் இயல்பாக இருந்திருக்கும். நோயுற்றவனுக்கு இடம் கொடுத்த இரக்கத்தையே வாயிலைத் திறக்கும் சாவியாகப் பயன்படுத்தியது, இக்கரையின் போர் வரலாற்றில் மனத்தை மிகவும் உறுத்தும் செயல்களுள் ஒன்று.

கோவளம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஆண்டுகளில், ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்காக முகம்மது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் இடையே நடந்த போட்டி, அவர்களைத் தாங்கி நின்ற ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான போராக முற்றியது. 1751இல் ஆங்கிலேயர் தரப்பில் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, அங்கேயே ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். 1752 ஜூனில் திருச்சிராப்பள்ளிக்கு அருகே சந்தா சாகிபு கொல்லப்பட்டார். ஆகஸ்டில் புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள பாகூரில் ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் பிரெஞ்சுப் படையை முறியடித்தார். எனினும் சென்னைக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட நாட்டில் கோவளமும் செங்கல்பட்டும் பிரெஞ்சுக் காவலில் இருந்தவரை, அப்பகுதியின் வரி வருவாய் நவாபு முகம்மது அலிக்குக் கிட்டவில்லை. இவ்விரண்டு கோட்டைகளையும் பிடித்துத் தருமாறு அவர் கேட்டபோது, சென்னையில் ஆங்கிலேயரிடம் மிஞ்சியிருந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் இறங்கிய இருநூறு புதுவீரர்களும், புதிதாகச் சேர்க்கப்பட்ட ஐந்நூறு சிப்பாய்களும் மட்டுமே.

இந்தப் படையெடுப்பை விரிவாகப் பதிவுசெய்தவர் ராபர்ட் ஓர்ம். கேரளக் கரையின் அஞ்சுதெங்கில் 1728இல் பிறந்து, பின்னர் சென்னை ஆட்சிக்குழுவில் உறுப்பினராக இருந்த அவர், தம் காலத்துப் போர்களைக் குறித்து எழுதிய பெருநூலின் முதற்பகுதியை 1763இல் வெளியிட்டார். அந்த இருநூறு பேரையும் அவர் லண்டனின் இழிந்த தொழில்களிலிருந்து திரட்டிய கழிவு என்ற பொருளில் குறிப்பிடுகிறார். சிப்பாய்களையும் அதே அளவு பழக்கமற்றவர்கள் என்கிறார். புகழ்பெற்ற எந்த அதிகாரியும் இத்தகைய படைக்குத் தலைமை ஏற்கத் தயங்குவார் என்பதும் அவரது கருத்து. கிளைவ் தாமாகவே முன்வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழை எட்டிக்கொண்டிருந்தது; எட்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் எழுத்தராக வந்து இறங்கியவர் அவர்.

ஓர்மின் கடுஞ்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன், அந்த இருநூறு பேரும் எங்கிருந்து எங்கே வந்து நின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு ஆள் சேர்த்தவர்கள் லண்டன் தெருக்களின் வறியோரையும் வேலையற்றோரையும் நாடினர். ஆசைகாட்டியும் கடனில் சிக்கவைத்தும் கப்பலேற்றிய தரகர்களும் இருந்தனர். பல மாதக் கடற்பயணத்தில் உடல் நலிந்து, அலையோடு போராடும் மசூலாப் படகில், அதாவது ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகில், சென்னைக் கரையேறிய அவர்களுக்குப் போர்ப் பயிற்சி பெறப் போதிய காலம் கிடைக்கவில்லை. கம்பளி உடுப்போடு வெயிலுக்குள் இறக்கப்பட்டு, தெற்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். சிப்பாய்களைப் பற்றி ஓர்ம் தரும் செய்தி இதைவிடவும் குறைவு. இந்த நாட்டின் மண்ணில் பிறந்த ஐந்நூறு பேர் அவரது பக்கங்களில் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கின்றனர்.

படை புறப்பட்டது 1752 செப்டம்பர் மாதத்தில். அம்மாதத்தைப் பற்றி வாசகர் ஒன்றை மனத்தில் கொள்வது நல்லது: பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டு, ஐரோப்பாவின் பல நாடுகளில் வழங்கிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு ஆங்கிலேயர் மாறியது இதே செப்டம்பரில்தான், அவர்களது சட்டப்படி செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று, இடையில் இருந்த பதினொரு நாட்கள் இல்லாமற்போயின. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, இங்கு நாட்கள் முற்றுகை தொடங்கியதிலிருந்தே எண்ணப்படுகின்றன.

கோவளத்தை நெருங்கிய முதல் இரவிலேயே, படையில் ஏறத்தாழ பாதியை லெப்டினன்ட் கூப்பர் என்ற அதிகாரியின்கீழ் முன்னே அனுப்பி, கோட்டைக்குத் தெற்கே இருந்த ஒரு தோட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாறு கிளைவ் ஆணையிட்டார். முற்றுகையிடும் படை எப்போதும் இப்படி ஒரு முன்காவலை, அதாவது பகைவன் வெளியே பாய்ந்தால் முதலில் அறிந்து தடுக்கும் ஒரு சிறு நிலையை, முதலில் ஏற்படுத்திக்கொள்ளும். விடியற்காலையில் கோட்டையிலிருந்து முப்பது ஐரோப்பியர் வெளிவந்து தோட்டத்தைத் தாக்கினர். கூப்பர் குண்டுபட்டு இறந்தார். தலைவனை இழந்த காவற்படை அக்கணமே கலைந்து வடக்கே ஓடியது. எதிரே வந்துகொண்டிருந்த கிளைவ் அவர்களை மறித்து, அதட்டியும் அடித்தும் அணி திரட்டி, மீண்டும் தோட்டத்துக்கு இட்டுச் சென்றார். அவர் நெருங்கியதும் பிரெஞ்சுக்காரர் தோட்டத்தை விட்டுக் கோட்டைக்குள் திரும்பினர். கோட்டைத் தலைவரைச் சரணடையுமாறு அழைத்ததற்கு, இறுதிவரை காப்பேன் என்ற விடையே வந்தது. உடனே சுவரைத் தகர்க்கும் கனத்த பீரங்கிகளை நிறுத்தப் பீரங்கி மேடை கட்டும் வேலை தொடங்கியது.

மேடைக்கு வலப்பக்கத்தில் ஒரு பெரும்பாறை இருந்தது. கோட்டையின் குண்டுகளிலிருந்து அது மேடைக்கு மறைப்பாகும் என்று கருதி அங்கே ஒரு காவற்குழு நிறுத்தப்பட்டது. பாறைக்குப் பின்னால் நிற்பது எவருக்கும் பாதுகாப்பாகத்தான் தோன்றும்; இந்தக் கரையின் கல்லை அறிந்தவர்கள் மட்டுமே அதில் மறைந்திருக்கும் ஆபத்தையும் அறிவர். பல்லாவரத்திலிருந்து தெற்கே பரவிக் கிடக்கும் கடும்பாறை வகைக்குப் புவியியலார் 'சார்னோகைட்' என்று பெயரிட்டுள்ளனர். கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல் பயன்பட்டதால் வந்த பெயர் அது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் உளி ஒன்று சரிவாக விழுந்தாலே கல்லின் சில்லு கூரிய விளிம்போடு தெறித்து, வேலை செய்பவரின் முகத்தையோ முன்கையையோ கீறிச் செல்லும். அதனால்தான் சிற்பிகள் கண்ணை இடுக்கி, முகத்தை ஒரு பக்கம் சாய்த்து உளி பிடிக்கிறார்கள். உளியின் அடிக்கே இப்படித் தெறிக்கும் கடுங்கல்லில் பீரங்கியின் இரும்புக் குண்டு வந்து மோதினால் என்ன ஆகும்?

கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு அந்தப் பாறையில் மோதியது. சிதறிய கற்சில்லுகளால் இறந்தவரும் காயமுற்றவருமாகப் பதினான்கு பேர் ஒரே கணத்தில் வீழ்ந்தனர். எஞ்சியவர்கள் நெடுநேரம்வரை திறந்த வெளிக்கு வரத் துணியவில்லை. மிகவும் முன்னே நிறுத்தப்பட்டிருந்த காவலருள் ஒருவன் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் ஒளிந்திருந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டான். அவனைப் பற்றி ஓர்ம் எழுதியது அவ்வளவுதான். பெயர் இல்லை, அதன்பின் அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதும் இல்லை.

கோவளம் போன்ற கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் அதிக ஆழத்தில் இருப்பதில்லை; மழைநீர் மணலில் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதால், சில முழம் தோண்டினாலே ஊற்று சுரக்கும். மணல் சரியாமலிருக்கச் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி உறைகிணறு அமைப்பது இக்கரையின் தொன்மையான வழக்கம். செப்டம்பர் என்பது வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதம் ஆதலால் கிணற்றின் நீர்மட்டம் தாழ்ந்தே இருக்கும். ஒருவன் இறங்கி, முழங்காலளவோ இடுப்பளவோ நீரில் மூழ்காமல் நிற்க இயலும். தலைக்கு மேலே வட்டமாகத் தெரியும் வானமும், மண்ணின் வழியே அதிர்வாக மட்டும் இறங்கிவரும் பீரங்கி முழக்கமுமாக அவன் கழித்த அந்தச் சில மணி நேரம், முற்றுகை நடந்த நாட்களில் கோவளம் முழுவதிலும் குண்டு எட்டாத மிகச் சில இடங்களுள் ஒன்றில் கழிந்தது. தோழர்கள் பதினான்கு பேரைச் சாய்த்த பாறையைவிடக் கிணறே நல்ல மறைப்பு என்பதை அவனது உடல் அறிவுக்கு முன்பே அறிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்நிகழ்வு உலகெங்கும் பரவியது ஓர்மின் நூலால் அன்று. ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே 1840இல் கிளைவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையால்தான். அக்கட்டுரையில் கோவளம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. கூப்பரின் பெயரும் பதவியும் மறைந்து, படைவீரன் ஒருவன் கோட்டைக் குண்டுக்கு இரையானதும் மற்றவர்கள் திரும்பி ஓடியதாக அது சுருங்குகிறது. பாறையும், தெறித்த கற்களும், வீழ்ந்த பதினான்கு பேரும் முற்றாக மறைந்து, ஒரு பீரங்கியின் வெறும் ஓசைக்கே காவலர் அஞ்சியதாகவும், அவர்களுள் ஒருவன் கிணற்றுக்குள் போய் ஒளிந்ததாகவும் கதை உருமாறுகிறது. தன் தலைவன் சாகக் கண்டு கலைந்த படை ஒன்று. ஓசை கேட்டே நடுங்கிய படை மற்றொன்று. கிளைவின் துணிவை ஒளிரச் செய்ய மெக்காலேவுக்கு இருண்ட பின்னணி தேவைப்பட்டது. அந்தப் பின்னணிக்காகப் பதினான்கு பேரின் குருதி பதிவிலிருந்து துடைக்கப்பட்டது. பிற்காலத்துப் பாடநூல்களும் வாழ்க்கை வரலாறுகளும் மெக்காலேவின் வடிவத்தையே பெரிதும் திருப்பிச் சொன்னதால், அந்தக் காவலன் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சிரிப்புக்கு உரியவனாகவே நிற்கிறான். இது அநீதி, ஓர்மின் பக்கத்தைத் திறந்து பார்க்கும் எவரும் இதைத் திருத்திக்கொள்ளலாம்.

காவலிடத்தைவிட்டு நீங்குவது ஐரோப்பியப் படைச்சட்டங்களில் மரண தண்டனை வரை கொண்டுசெல்லக்கூடிய குற்றம். ஆனால் 1752இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய படைச்சட்டம் எதுவும் இல்லை. அத்தகைய முதற்சட்டம் இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1754இல்தான் வந்தது. ஒரு வணிகக் கம்பெனியின் கூலிக்கு, ஒரு நவாபின் வரிவசூலுக்காக, தன் நாட்டுச் சட்டம் முழுமையாக எட்டாத ஒரு கரையில் அந்த மனிதன் பாரா நின்றான் என்பதையும் சேர்த்தே அவனது செயலை மதிப்பிட வேண்டும்.

கிளைவ் கடுந்தண்டனையைவிட நாணத்தால் இவர்களைத் திருத்த முடியும் என்று கருதியதாக ஓர்ம் எழுதுகிறார். குண்டுகள் மிகுதியாக விழுந்த இடங்களில் அவரே மீண்டும் மீண்டும் போய் நின்றார்; இரண்டு நாட்களில் வீரர்கள் ஓரளவு உறுதியோடு தங்கள் இடங்களில் நிற்கத் தொடங்கினர். மூன்றாம் நாள், செங்கல்பட்டிலிருந்து எழுநூறு சிப்பாய்களும் நாற்பது ஐரோப்பியரும் கோவளத்துக்குத் துணையாக வந்துகொண்டிருக்கும் செய்தி கிடைத்தது. பாதிப் படையைப் பீரங்கி மேடையில் விட்டுவிட்டு, மீதியோடு கிளைவ் எதிர்கொள்ளச் சென்றதும், வந்தவர்கள் பின்வாங்கினர். நான்காம் நாள் கோட்டை சரணடைந்தது. தம் சொந்தப் பொருட்களை எடுத்துச்செல்ல அனுமதிக்க வேண்டும் என்பதே பிரெஞ்சுத் தலைவரின் நிபந்தனை. அப்பொருட்கள் ஏராளமான வான்கோழிகளும் பெருமளவு மூக்குப்பொடியுமாக இருந்தன. சம்பளம் ஒழுங்காக வராத தொலைதூரக் காவல்நிலைகளில் அதிகாரிகள் சொந்த வணிகம் செய்து காலம் தள்ளுவது எல்லா ஐரோப்பியக் கம்பெனிகளிலும் நடைமுறையாக இருந்ததால், இது வியப்புக்குரியதன்று. கோட்டைக்குள் ஐம்பது கனத்த பீரங்கிகளும் கிடைத்தன. அவை 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயர் இழந்தவை.

மறுநாள் விடியலில், ஜோசப் ஸ்மித் என்ற இளம் அதிகாரி கோட்டைக்கு வெளியே நடந்துகொண்டிருந்தபோது தொலைவில் ஒரு படை வருவதைக் கண்டார். கோவளம் வீழ்ந்ததை அறியாமல், செங்கல்பட்டுப் படை மீண்டும் துணைக்கு வந்துகொண்டிருந்தது. கிளைவ் தம் ஆட்களைப் பாதையின் இருபுறமும் மறைவில் அமர்த்தி, அவர்கள் மிக அருகே வரும்வரை சுடாமல் காத்திருந்தார். முதல் வேட்டிலேயே நூறு பேர் வீழ்ந்தனர். படைத்தலைவரும் இருபத்தைந்து ஐரோப்பியரும் இருநூற்றைம்பது சிப்பாய்களும் இரண்டு பீரங்கிகளும் பிடிபட்டனர். சில நாட்களுக்கு முன் தோட்டத்திலிருந்து ஓடியவர்கள்தாம் இப்போது மூச்சடக்கி மறைவில் காத்திருந்தவர்கள் என்பது கவனத்துக்குரியது. வீழ்ந்த நூறு பேரில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்களே என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கோவளத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில் எத்தனை வீடுகளில் அன்று ஓலம் எழுந்தது என்பதை எந்த வரலாற்று நூலும் எழுதவில்லை.

தப்பியோடியவர்களைத் தொடர்ந்து கிளைவ் செங்கல்பட்டுக்கு வந்தார். பாலாற்றின் வடகரைக்கு அருகே, நெற்கழனிகளும் ஏரியும் சூழ்ந்திருந்த அக்கோட்டை ஏறத்தாழ நீள்சதுர வடிவமானது. கிழக்கிலும் வடக்கில் பாதியிலும் சேற்று வயல்கள். வடக்கின் மறுபாதியிலும் மேற்கு முழுவதிலும் ஏரி. தெற்கு மட்டுமே மேட்டு நிலம். கட்டியவர் நிலத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏற்பக் காப்பை அளந்து அமைத்திருந்தார். எதிரி நெருங்கக்கூடிய தெற்கே மிக வலுவான மதில், வயல்களுக்கு எதிரே அதைவிடச் சற்று எளியது, ஏரியை ஒட்டி ஒரு மெல்லிய சுவர். தரைப்பக்கங்களில் அறுபது அடி அகலமும் கல் முகப்பும் கொண்ட அகழி, அதனுள் முன்மதில் எனப்படும் தாழ்ந்த வெளிச்சுவர், அதற்கும் உள்ளே வட்டக் கோபுரங்களோடு பதினெட்டு அடி உயரக் கல்மதில். இத்தனையும் தாண்டினால் இதே வகையான மற்றோர் அடுக்கு. இந்நாட்டவரைப் பற்றி எளிதில் நல்ல சொல் சொல்லாத ஓர்ம்கூட இதைக் கட்டியவரின் திறனை மனந்திறந்து பாராட்டுகிறார். இன்று சென்னையிலிருந்து தெற்கே செல்லும் தொடர்வண்டிகள் இக்கோட்டை நிலத்தின் ஊடாகவே ஓடுகின்றன. கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பைச் சன்னலோரம் அமர்ந்து பார்ப்பவர்கள், முற்றுகைக் காலத்துக் காவலன் பார்த்த ஏரியையே பார்க்கிறார்கள்.

உள்ளே நாற்பது ஐரோப்பியரும் ஐந்நூறு சிப்பாய்களும் இருந்தனர். தெற்கே ஏறத்தாழ ஐந்நூறு கஜத் தொலைவில் நான்கு 24 பவுண்டுப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. பீரங்கியை அதன் குண்டின் எடையால் பெயரிடுவது அக்கால வழக்கம் ஆதலால், 24 பவுண்டுப் பீரங்கி என்பது ஏறக்குறைய பதினொரு கிலோ எடையுள்ள இரும்புக் குண்டை எறிவதாகும். நான்கு நாள் தொடர்ந்து சுட்டபின் வெளிமதிலில் உடைப்பு ஏற்பட்டது. பின்னர் பீரங்கிகளை இருநூறு கஜத்துக்கு முன்னேற்றி, மேலும் நான்கு நாள் சுட்டு உள்மதிலையும் உடைத்தனர். இருநூறு கஜம் என்பது கோட்டையின் துப்பாக்கி வேட்டும் சிறு பீரங்கிகளும் நன்றாக எட்டும் தொலைவு. அங்கே நான்கு இரவும் நான்கு பகலும் காவல் நின்றவர்கள், செப்டம்பரில் கோவளத்துத் தோட்டத்தைவிட்டு ஓடிய அதே படையினர்.

அகழி இன்னும் தூர்க்கப்படாமல் இருந்தது. உள்ளிருந்தவர்கள் விரும்பியிருந்தால் இன்னும் சில நாட்கள் தாங்கியிருக்கலாம். ஆயினும் துணைப்படை வர வழியில்லை என்பது தெரிந்துவிட்டதால், போர் மரியாதையோடு, அதாவது ஆயுதம் ஏந்தி முரசு முழங்க வெளியேறும் உரிமையோடு, அக்டோபர் இறுதியில் அவர்கள் கோட்டையை ஒப்படைத்துப் புதுச்சேரிக்குப் புறப்பட்டனர். உடல்நலம் குன்றியிருந்த கிளைவ் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கோவளத்துக் கோட்டையின் மதில்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. செங்கல்பட்டுக் கோட்டை மட்டும் நிலைநிறுத்தப்பட்டது; தெற்கு மதிலின் உடைப்புக்கு அருகே, வடகிழக்கு மழை தொடங்கும் அந்த நாட்களில், பாரா ஒரு கம்பெனியின் கையிலிருந்து இன்னொரு கம்பெனியின் கைக்கு மாறியது.